ஊட்டி கேரட்டும் ராயபுரம் காற்றும்!

நீலகிரியில் விளையும் கேரட், மலையிறங்கி மேட்டுப்பாளையம் வழியாக கோயம்பேடு வந்து, அதன்பிறகே ராயபுரம், திருவொற்றியூர் கடைகளுக்கு வருகிறது. 1996-ல் கோயம்பேடு சந்தை வரும்வரை, மொத்தக் காய்கறி வியாபாரம் ராயபுரத்துக்குப் பக்கத்தில், கொத்தவால்சாவடியில்தான் நடந்தது. இப்போது அலைச்சல் கூடுதல்.

கேரட்டுக்குக் குளிரும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஊட்டியில் இரண்டும் உண்டு. வடசென்னையின் கடற்காற்றில் ஈரம் உண்டு, குளிர் இல்லை. ஃப்ரிட்ஜில் குளிர் உண்டு, ஈரம் குறைவு. அதனால்தான் சும்மா வைத்த கேரட் சில நாளில் ரப்பர் போல வளைகிறது.

தழை இருந்தால் முதலில் நறுக்கிவிட வேண்டும். அது கேரட்டின் நீரை இழுத்துவிடும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் 10 நாள் தாங்கும். பக்கத்தில் ஆப்பிள் கூடாது. அது விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசக்கும். வளைந்துபோனதை ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால், பழையபடி 'கடக்'கென்று ஒடியும்!