ஒரே ஆற்றில் இறங்கும் ஊர்கள்

இருக்கன்குடி, விருதுநகர் மாவட்டம்



சிவகாசியைப் பற்றி எழுதுகிறவர்கள் பட்டாசுக் கடையிலிருந்து தொடங்குவார்கள். இந்தக் கடிதம் தண்ணீரைப் பற்றியது என்பதால் இருக்கன்குடியிலிருந்து தொடங்குகிறது. ஆடி கடைசி வெள்ளிக்குத் தென் மாவட்டமே திரளும் மாரியம்மன் கோயில் இங்கே இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, மறுபக்கம் வைப்பாறு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நீர்த்தேக்கம். அதைத் தாண்டிய வைப்பாறு தூத்துக்குடி மாவட்டத்துக்குள் நுழைந்து, விளாத்திகுளம் வழியாக மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் எல்லாமே இந்த வைப்பாற்றுப் படுகைக்குள் அடங்கிய ஊர்கள்தான்.

ஆற்றில் முக்கால்வாசி நாள் மணல்தான். வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. மாதக்கணக்கில் தெருவிலும் வாறுகாலிலும் தொழிற்சாலை வளாகத்திலும் படிந்த எல்லாவற்றையும் ஐப்பசியின் முதல் கனமழை ஒரே நாளில் அள்ளிக்கொண்டு இறங்குகிறது.

அந்த மழை எதையெல்லாம் அள்ளுகிறது? சாக்கடை, பாலித்தீன் பை, வண்டி எண்ணெய் எல்லாம் எந்த ஊருக்கும் பொது. இந்த வட்டாரத்துக்கே உரியது வெடிமருந்து. கரிசல் காட்டில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சிறு அறைகளில் பட்டாசுக்கு மருந்து கலக்கிறார்கள், நிரப்புகிறார்கள், வெளியே களத்தில் காயவைக்கிறார்கள். பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றோடு பொட்டாசியம் பெர்குளோரேட்டும் புழங்குகிறது. பெர்குளோரேட்டின் தன்மை பொல்லாதது. நீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேராமல் தடுக்கும். சிவகாசி வட்டார நிலத்தடி நீரில் இது இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடிநீருக்குப் பரிந்துரைத்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவை அவற்றில் சில மாதிரிகள் பல மடங்கு தாண்டியிருந்தன.

உற்பத்தி செய்யும் ஊருக்கு மட்டும் உரிய கவலை என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் அடா என்ற ஊரின் சிறு ஏரியை, ஜூலை 4 வாணவேடிக்கைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தார்கள். வேடிக்கை முடிந்து 14 மணி நேரத்துக்குள் நீரில் பெர்குளோரேட் 24 மடங்கிலிருந்து ஆயிரம் மடங்குக்கு மேல் வரை கூடியிருந்தது. அது பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் பிடித்தது. ஆய்வு வெளியானது 2007-இல். தீபாவளிக் குப்பை தெருவில் கிடக்கும்போதே பருவமழை இறங்கும் தமிழ்நாட்டில், ஒவ்வொரு நகராட்சியும் படிக்க வேண்டிய ஆய்வு அது.

விருதுநகருக்கு வேறு வகைத் துயரம். ஊரை ஒட்டி ஓடும் கௌசிகா நதி நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து குல்லூர்சந்தை அணைக்குப் போகிறது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. கழிவைக் கொடுத்தது நகராட்சி. அனுபவிப்பது கீழேயுள்ள ஊராட்சி விவசாயி. அந்த விவசாயிக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. இந்த அநியாயத்தைப் பார்த்த பிறகு, இதை அந்தந்த ஊர் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல மனம் வராது.

நம் நாட்டில் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 1974-இன் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். தெருவில் ஓடும் மழைநீருக்காக ஒரு நகரமே உரிமம் வாங்க வேண்டும் என்ற முறை இங்கே இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. 1990-இல் பெருநகரங்களுக்கும், 1999 விதிகளால் சிற்றூர்களுக்கும் அது வந்தது. வடிகால்களை வரைபடத்தில் பதிவது, கள்ளத்தனமாக இணைத்த கழிவுக் குழாய்களைக் கண்டுபிடிப்பது, மக்களுக்குச் சொல்வது, கட்டுமான மண் கரைந்து ஓடாமல் தடுப்பது எல்லாம் கட்டாயம். சின்ன ஊர்கள் திணறின. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் 13 ஊர்கள் கூட்டணி அமைத்து, வரைபட முறையையும் நீர்ச் சோதனைக் கருவிகளையும் பயிற்சியையும் பொதுவாக வைத்துக்கொண்டன. பிறகு அண்டை ஊர்களும் சேர, எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது.

கூட்டாகச் செய்வது நமக்குப் புதிதா என்ன? சிவகாசிக்கு மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. தாமிரபரணி நீர் மாவட்ட எல்லை தாண்டி இந்தக் கரிசல் ஊர்களுக்குக் குழாயில் வருகிறது. 1971 முதல் குடிநீர் வடிகால் வாரியம் கட்டிய திட்டங்களில் நகரமும் கிராமமும் ஒரே குழாயில் பங்கு போட்டுக் குடிக்கின்றன. உள்ளே வரும் நீருக்குக் கூட்டு. வெளியே போகும் நீருக்கு அவரவர் பாடு. ஆனால் விருதுநகர் நகராட்சி ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்திலிருந்தும் குடிநீர் எடுக்கிறது. அது திருத்தங்கல் பக்கமாக வரும் அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டியது. மேலே இருக்கும் ஊரின் வாறுகால் சுத்தமாக இருப்பது கீழே இருக்கும் ஊரின் குடத்துக்கு நல்லது.

2021-இல் சிவகாசியும் திருத்தங்கலும் இணைந்து மாநகராட்சி ஆயின. இரண்டு ஊர் வடிகாலும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது நல்ல தொடக்கம். ஆனாலும் பட்டாசு ஆலைகளில் பெரும்பாலானவை இருப்பது ஊராட்சி எல்லைக்குள். ஊராட்சியும் நகராட்சியும் ஒரே மேசையில் உட்கார வழி இருக்கிறதா என்றால், அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243இசட்டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழு இரண்டு தரப்புக்கும் பொதுவான நீர்ப் பங்கீட்டையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் கணக்கில் எடுத்தே திட்டம் வரைய வேண்டும் என்கிறது.

கட்டாயம் இல்லாமல் இது நடக்காது என்று அஞ்சுவதற்குத் திருப்பூர் காரணம். நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாகவே மாறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிய பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பட்டாசு வட்டாரத்தில் அந்த நிலை வரக் கூடாது. லட்சக்கணக்கான குடும்பங்களின் சோறு இதில் இருக்கிறது. பேரியம் நைட்ரேட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் ஏற்கெனவே அவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே சின்னதாகவே தொடங்கலாம். ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை, இருக்கன்குடி ஆகிய மூன்று இடத்திலும் பருவமழைக்கு முன்பும், முதல் கனமழைக்கு மறுநாளும் நீர் எடுத்துச் சோதித்து, முடிவைக் கிராம சபையிலும் மாமன்றத்திலும் வாசிக்க வேண்டும். செலவை மாநகராட்சியும் நகராட்சிகளும் ஊராட்சிகளும் பட்டாசு உற்பத்தியாளர்களும் பகிர்ந்துகொள்ளலாம். ஆலைகளில் மருந்து கூட்டிய தூசும் கழுவிய நீரும் வெளியே ஓடாதபடி கரை கட்டிய தொட்டி வேண்டும், காயவைக்கும் களத்துக்கு வரப்பு வேண்டும். இதையெல்லாம் ஐப்பசிக்கு முன்னால் செய்தாக வேண்டும்.