ஏரிக்கரைத் தட்டைப்புழு

இராசசிம்ம பல்லவன் கற்றளி எழுப்பிய பனமலையின் அடிவாரத்தே ஏரி ஒன்று விரிந்துள்ளது. அதன் ஈரக்கரையில் மேய்ந்த எம் பசு, தாடையடி வீங்கி, இளைத்து மடிந்தபோது ஊரார் கண்ணேறு என்றனர். கால்நடை மருத்துவரோ, கல்லீரல் தட்டைப்புழு என்றார்.

தட்டைப்புழு இனங்கள் 20,000க்கும் மேற்பட்டவை. துண்டித்தாலும் மீண்டும் முழுவுடல் பெறும் பிளனேரியா, நீரில் தனித்து வாழும். நாடாப்புழுவோ வாயும் குடலுமின்றிப் பிறவுயிரின் குடலில் ஒட்டி வாழும். கல்லீரல் புழுவின் முட்டை சாணத்தோடு நீரைச் சேரும். பொரித்த இளவுயிரி நத்தைக்குள் புகுந்து பல்கும். பின் வெளியேறிப் புல்லில் உறையிட்டுக் காத்திருக்கும். ஐரோப்பாவில் இதன் உறவினத்திடம் இச்சுழற்சியை 1880களில் தாமஸும் லூக்கார்ட்டும் தனித்தனியே கண்டறிந்தனர்.

நத்தை மலிந்த கரையில் மேய்ச்சலைத் தவிர்த்தால் இச்சங்கிலி அறும். தமிழ் பயின்ற நாம் இதனை உழவர்க்கு அவர்தம் மொழியில் எடுத்துரைப்போமாயின், வாயில்லா உயிர்கள் பல பிழைக்குமன்றோ!