பானெட்டுக்கு அடியில் யாருடைய பெயர்?



எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் படித்து, அரசுக் கல்லூரியில் சேர்ந்த தம்பி ஒருவன் இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. புதுப்பேட்டை பக்கம் ஒரு கார் ஷெட்டில் கை ஆளாகச் சேர்ந்திருக்கிறான் என்று தெரிந்ததும், அவனைத் திரும்பக் கூட்டி வர நாங்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மூவருமே முதல் தலைமுறைப் பட்டதாரிகள். "நம்ம பிள்ளைங்க மறுபடியும் அழுக்குல கை வைக்கக் கூடாது" என்று பஸ்ஸில் போகும்போதே பேசிக்கொண்டோம். அந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று புரிய எங்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

ஷெட்டில் நின்றது ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரை திறக்கும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். 1962-ல் சந்தைக்கு வந்து 1980 வரை தயாரிக்கப்பட்டது. உரிமையாளர் வசதியானவர். வெளிப் பெயிண்டை வேறு இடத்தில் முடித்துவிட்டார். பழைய கார் கண்காட்சியில் பானெட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்பதால், எஞ்சின் உட்காரும் அறையை மட்டும் புதுசாக்க இங்கே விட்டிருந்தார். இந்தக் காரில் பானெட் மட்டும் தனியாகத் தூக்காது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழும். உள்ளே இருப்பது எதையும் மறைக்க முடியாது.

பெயிண்டர் அண்ணனுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். "இது நம்ம ஹெரால்டோட தம்பிதான்" என்றார். சரிதான். சென்னைக்குப் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்த ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். இரண்டின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. ஹெரால்டின் சேஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அண்ணன் சிறுவனாக ஷெட்டுக்கு வந்தபோது கை பழகியது ஹெரால்டில். பத்தாவது கூட முடிக்காதவருக்கு இங்கிலாந்துக் காரின் நட்டு போல்ட் எல்லாம் எப்படி அத்துப்படி என்று எங்களுக்கு வந்த ஆச்சரியத்துக்கு இதுதான் பதில்.

தம்பியிடம் பேச வந்தோம் என்றோம். "பேசலாம்க்கா. இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வேலை கழற்றுவது இல்லை, படம் எடுப்பது. ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது, எந்தக் குழாய் எதற்கு மேல் வருகிறது என்று தம்பி போனில் படம் எடுத்தான். பிறகு ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு கட்டினான். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களின் ஒயருக்கு நிறக் கணக்கு உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் பிரிவது. கறுப்பு, எர்த். இதை அவன் மனப்பாடமாகச் சொன்னான். இதே தம்பி எங்களிடம் ஒரு பக்கம் படித்து ஒப்பிக்க ஒரு வாரம் எடுத்தவன்.

செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்த பிறகு அழுக்கு. ஐம்பது வருடத்து ஆயிலும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. தகரத்தில் மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டலாம், பிரஷ் ஓட்டலாம். ஆனால் இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர் அலுமினியம். அங்கே இரும்பு பிரஷ் பட்டால் கீறல் விழும், காஸ்டிக் பட்டால் உலோகத்தையே அரிக்கும். பேட்டரித் தட்டில் ஆசிட் தின்ற இடத்துக்கு முதலில் சமையல் சோடாத் தண்ணீர் ஊற்றி நுரை அடங்கும் வரை விட வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் துரு கிளம்பும். மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே மட்டும் பெயிண்ட் தோலாக உரிந்திருந்தது. ஏன் என்று கேட்டோம். "பிரேக் ஆயில் ஒழுகியிருக்கு. அது பெயிண்டைத் தின்னும். லீக்கை நிறுத்தாம கலர் அடிச்சா காசு வேஸ்ட்டு" என்றார் அண்ணன். நாங்கள் பார்த்தது கறை. அவர் பார்த்தது காரணம்.

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் தூய்மை, தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இந்த ஷெட்டில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. எந்த உலோகத்துக்கு எந்த ரசாயனம், எத்தனை நேரம் என்று தெரிந்து செய்வது அறிவு. தோல் பதனிட்ட நம் முன்னோர் செய்ததும் அதுதான். அதற்கு 'அழுக்கு வேலை' என்று பெயர் வைத்தவர்கள், வேலையிலிருந்த அறிவை அழித்துவிட்டு அழுக்கை மட்டும் செய்தவர் மேல் ஒட்டினார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய நாங்கள், பஸ்ஸில் பேசிக்கொண்டது யாருடைய பேச்சு?

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. உழைப்பைப் புகழ்ந்து நம்மை அதே இடத்தில் உட்கார வைப்பவர்கள் எப்போதும் உண்டு. நாங்கள் அதைச் சொல்லவில்லை. அந்த ஷெட்டில் அண்ணனுக்கு இருமல் இருக்கிறது. இப்போது அடிக்கும் பெயிண்டில் ஹார்டனர் கலக்கிறார்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழுதாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாமல் ராத்திரி படுக்கும்போது இருமல் வருவது இதன் குணம். அண்ணன் முகத்தில் கட்டியிருந்தது கைக்குட்டை. அது தூசியைக்கூட முழுசாக நிறுத்தாது. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முகமூடிதான் இதற்குச் சரியானது. ஷெட்டில் இருந்த காம்ப்ரசர் ஸ்ப்ரே கன்னுக்கு மட்டும் காற்று கொடுத்தது.

அதேபோல பழைய கார்களின் பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எல்லா ஷெட்டிலும் காற்றடித்துத்தான் ஊதுகிறார்கள்.

ஆறாவது வாரம் எல்லாம் முடிந்தது. அறை முழுக்க காரின் வெளி நிறமே. பிளாக் கறுப்பு. கார்பரேட்டரின் மேல் கிண்ணங்கள் முகம் தெரியும்படி மின்னின. உரிமையாளர் குரோம் மூடியும் சிவப்பு ஒயரும் போடச் சொல்லியிருந்தார். ஒயர் நிறத்தை மாற்றினால் பின்னால் ரிப்பேர் பார்ப்பவன் திண்டாடுவான் என்று தம்பி சொல்ல, அதை மட்டும் விட்டுவிட்டார்.

வண்டி எடுக்கும் நாளில் பூஜை. தம்பி கையைச் சோப்பு போட்டுக் கழுவி, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு நின்றான். உரிமையாளரோடு வந்த பெரியவர் முதலில் பெயர் கேட்டார். பிறகு ஊர். பிறகு ஊரில் எந்தப் பக்கம். இந்த வரிசை நமக்குத் தெரியும். பதில் வந்ததும், "தள்ளி நில்லுப்பா, கையெல்லாம் கிரீஸ்" என்றார். எலுமிச்சம்பழத்தை டிரைவர் வாங்கி டயருக்கு அடியில் வைத்தார். அப்போதுதான் ஆயில் அளவு பார்த்த கை அது. நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

நாங்கள் ஏதோ பேச வாயெடுத்தோம். தம்பி கண்ணால் வேண்டாம் என்றான். கூலி பாக்கி இருந்தது.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தோம். வந்தவர்கள் என்ன செய்தோம் தெரியுமா? காரோடு எடுத்த படத்தை எங்கள் பக்கத்தில் போட்டோம். மறுநாள் அண்ணன் போன் செய்தார். "காரு பேரு போட்டிருக்கீங்க. வருஷம் போட்டிருக்கீங்க. நல்லாருக்கு." அவ்வளவுதான் சொன்னார். அவர் பெயரும் இல்லை, தம்பி பெயரும் இல்லை. பெரியவர் வாயால் செய்ததை நாங்கள் மறதியால் செய்திருந்தோம்.

படத்தை எடுத்துவிட்டோம். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். என்ன வேலை, எந்தத் தேதி, யார் செய்தார், முன்னும் பின்னும் படம். ஷெட்காரர் கீழே கையெழுத்துப் போட்டார். கண்காட்சிப் பலகையில் இருவர் பெயரையும் போடச் சொல்லி உரிமையாளரிடம் கேட்டோம். போடவில்லை. ஆனால் அடுத்த வண்டிக்குக் கூலி பேசும்போது தம்பி அந்த நோட்டை விரித்து வைத்தான். பேரம் வேறு மாதிரி போனது.

அண்ணனைக் கட்டாயப்படுத்தி நெஞ்சு நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். மாத்திரையும் இன்ஹேலரும் தொடர்கின்றன. இருவரையும் ஓட்டுநர்கள் மற்றும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கான அமைப்புசாரா நல வாரியத்தில் பதிய விண்ணப்பித்தோம். 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்து இழப்பீடு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. இத்தனை வருடத்தில் அண்ணனிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அந்தத் தெரு வழியாகத்தான் நாங்கள் கூட்டங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம்.

தம்பி கல்லூரிக்குத் திரும்புகிறானா என்று கேட்பீர்கள். ஜூனில் பார்க்கலாம் என்கிறான், ஷெட்டை விட மாட்டேன் என்றும் சொல்கிறான். படிப்பை விடாதே என்று நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அழுக்கிலிருந்து தப்பிக்கப் படி என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு ஷெட் இருக்கும். ஒரு ஞாயிறு போய் வாருங்கள். போகும்போது ஒரு நோட்டும், வாரியத்தின் விண்ணப்பமும் எடுத்துப் போங்கள். படம் எடுத்தால் பெயர் கேட்டுப் போடுங்கள்.

ஜெய் பீம்.