பேரைச் சொன்னா தலை போகும்!

'லாஸ்ட் நேம்'... பக்கத்துல சின்னதா ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாது. ஆன்லைன்ல இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணின எல்லாருக்கும் இந்த நட்சத்திரம் பழக்கமா இருக்கும். நமக்கு ஏது பாஸ் லாஸ்ட் நேம்? இருக்கிறது ஒரே ஒரு இனிஷியல். வேற வழியில்லாம அப்பா பேரைப் போட்டேன். மறுநாள் மெயில் வந்தது... அப்பா பேருக்கு! ''எனக்கு எப்படா வேலை கொடுத்தாங்க?''ன்னு கேட்டார் அப்பா.

சிரிச்சு முடிச்சதும் ஒரு கேள்வி. இந்தக் குடும்பப் பேரை வெள்ளைக்காரங்க ஏன் இவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்காங்க? தேட ஆரம்பிச்சு, ஸ்காட்லாந்துல ஒரு பேர்கிட்ட போய் நின்னுட்டேன். அந்தப் பேருக்கு நடந்ததைப் படிச்சதும் சிரிப்பு போயிடுச்சு.

அந்தப் பேர், மெக்ரெகர். 'ஸ்டார் வார்ஸ்'ல ஓபி-வானா வர்றாரே ஈவான் மெக்ரெகர்... அவர் பேருக்குப் பின்னாடி இருக்கிற அதே பேர்தான்.

முதல்ல அர்த்தம் பார்த்துடுவோம். ஸ்காட்லாந்து மலைநாட்டு மொழியான கேலிக்ல 'மெக்'னா மகன். மெக்ரெகர்னா கிரெகரோட மகன். நம்ம இனிஷியல் மாதிரியேதான்! பொண்ணுங்களுக்கு 'மெக்' கிடையாது, 'நிக்'. ஒரே வித்தியாசம், நம்ம இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவங்க எப்பவோ இருந்த ஒரு கிரெகரோட நிறுத்திட்டு, வம்சம் முழுக்க அந்தப் பேரையே சுமந்தாங்க. 'கிரெகர்' வந்தது கிரேக்க மொழியில இருந்து. அர்த்தம்... விழிப்பா இருக்கிறவன். பேருக்கேத்த மாதிரி, விழிப்பா இருக்கிறதைத் தவிர அவங்களுக்கு வேற வழியே இல்லாமப் போச்சு.

மெக்ரெகர்கள் வாழ்ந்த இடம் கிளென் ஆர்க்கி, கிளென் ஸ்ட்ரே மாதிரியான மலைப் பள்ளத்தாக்குகள். பிரச்னை என்னன்னா, நிலத்துல இருந்தவங்க இவங்க. பட்டா வாங்கினது பக்கத்துல இருந்த கேம்ப்பெல் வம்சம். ராஜாகிட்ட செல்வாக்கு யாருக்கோ அவங்க கையிலதானே பத்திரம்? கொஞ்சம் கொஞ்சமா நிலம் போச்சு. மிச்சமிருந்தது வாளும் மாட்டுத் திருட்டும்தான். 'மூடுபனியின் பிள்ளைகள்'னு ஊர் அவங்களுக்குப் பேர் வெச்சது.

அவங்க ஒண்ணும் அப்பாவிங்க இல்லை. 1603 பிப்ரவரி 7... லோமண்ட் ஏரிக்குப் பக்கத்துல கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்குல, கஹூன் வம்சத்தோட மோதி நூறு பேருக்கு மேல கொன்னு போட்டாங்க. ராஜா ஆறாம் ஜேம்ஸ் காதுக்கு விஷயம் போச்சு. கொன்னவனைத் தண்டிச்சிருந்தா அது சட்டம். அவர் சபை என்ன பண்ணிச்சு தெரியுமா?

பேரையே தண்டிச்சது!

1603 ஏப்ரல் 3-ம் தேதி உத்தரவு. மெக்ரெகர்ங்கிற பேர் இனி இல்லை. அந்தப் பேர்ல இருக்கிறவங்க எல்லாரும் வேற பேர் வெச்சுக்கணும். மாட்டேன்னா மரண தண்டனை. இதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, இங்கிலாந்துக்கும் ராஜாவாகிறதுக்காக லண்டனுக்குக் கிளம்பிட்டார் ஜேம்ஸ்.

மெக்ரெகர் தலைவர் அலாஸ்டேரை ஆர்கைல் பிரபு பிடிச்ச கதை இன்னும் மோசம். ''உன்னை இங்கிலாந்துக்குப் பத்திரமா அனுப்பி வைக்கிறேன்''னு வாக்கு கொடுத்தார். சொன்ன மாதிரியே எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போனார். வாக்கு முடிஞ்சது. உடனே திருப்பி எடின்பரோவுக்குக் கொண்டுவந்து, 1604 ஜனவரி 20 அன்னிக்குத் தூக்குல போட்டாங்க.

இதோட விட்டாங்களா? 1613-ல அடுத்த உத்தரவு. முன்னாள் மெக்ரெகர்கள் நாலு பேருக்கு மேல ஒண்ணா கூடக் கூடாது. கேன்டீன்ல நம்ம கேங் உட்கார்ற ஒரு டேபிளே கிரிமினல் கேஸ் ஆகியிருக்கும்! ஆயுதம்னு கையில வெச்சுக்க, கறி வெட்ட முனை மழுங்கின கத்தி ஒண்ணுக்கு மட்டும்தான் அனுமதி. 1633-ல பார்லிமென்ட் இன்னும் இறுக்கிச்சு. பாதிரியார் எந்தக் குழந்தைக்கும் கிரெகர்னு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. அந்தப் பேர்ல யாரும் பத்திரம் எழுதக் கூடாது.

எனக்குத் தூக்கை விட இதுதான் உறைச்சது. சண்டை போட்டவன் சரி, தொட்டில்ல கிடக்கிற குழந்தை என்ன பண்ணிச்சு? எனக்கு அப்பா பேர் ஓசியில கிடைச்சது. அங்கே ஒரு அப்பா தன் பேரைப் பிள்ளைக்குக் கொடுத்தா, பிள்ளைக்கு அது ஆபத்து.

அப்புறம் என்ன பண்ணினாங்க? முர்ரே, ட்ரம்மண்ட், கிரஹாம், ஸ்டீவர்ட்னு கிடைச்ச பேருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்க. நிலத்தைப் பறிச்ச கேம்ப்பெல் பேரையே எடுத்துக்கிட்டவங்களும் உண்டு.

ராஜா பக்கம் நின்னு சண்டை போட்டதுக்காக, 1661-ல ரெண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693-ல மறுபடி போட்டுட்டாங்க. இந்த இடைவெளியில, 1671-ல பிறந்தவர் ராப் ராய். 1995-ல லியாம் நீசன் நடிச்ச படம் இவர் கதைதான். மெக்ரெகரா பிறந்து வளர்ந்து, ஏறக்குறைய நம்ம வயசுல, 22-ல பேரைப் பறிகொடுத்தவர். அம்மா வழிப் பேரை எடுத்து 'கேம்ப்பெல்'னு கையெழுத்துப் போட்டார். ஆனா ஊர் அவரை மெக்ரெகராத்தான் ஞாபகம் வெச்சது.

அதே 1671-ல இன்னொரு விஷயம். நம்ம மேத்ஸ் புக்ல டேன் இன்வர்ஸ் எக்ஸுக்கு ஒரு சீரிஸ் வருமே... கிரிகோரி சீரிஸ்? அதை ஜேம்ஸ் கிரிகோரி ஒரு கடிதத்துல எழுதினது அந்த வருஷம்தான். அபர்டீன் பக்கத்து ஆள். தன் குடும்பம் மெக்ரெகர் வழின்னு அந்த வீட்டுல சொல்லிக்குவாங்க. 1715-ல ராப் ராய் அபர்டீன் வந்து, சொந்தக்காரங்கன்னு உரிமையோட கிரிகோரி வீட்டுலயே தங்கினதா வால்டர் ஸ்காட் எழுதி வெச்சிருக்கார். இன்னொண்ணு, அந்த சீரிஸை கிரிகோரிக்கு இருநூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே கேரளாவுல மாதவர் கண்டுபிடிச்சுட்டார். இப்போ 'மாதவா-கிரிகோரி சீரிஸ்'னு சேர்த்துச் சொல்றாங்க. பேர் திரும்பக் கிடைக்க அவருக்கும் காலம் ஆகியிருக்கு!

கடைசியா 1774-ல தடை முழுசா போச்சு. முதல் உத்தரவு வந்து 171 வருஷம். நடுவுல 32 வருஷ இடைவெளியைக் கழிச்சாலும் பல தலைமுறை. எல்லாரும் மறந்திருப்பாங்கன்னுதானே நினைப்போம்? 826 பேர் 'நாங்க மெக்ரெகர்'னு கையெழுத்துப் போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்க. அந்தத் தலைவர் பேர் என்ன தெரியுமா? ஜான் முர்ரே! கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்துல வேலை பார்த்தவர். 1822-ல அவர் குடும்பம் ராஜாகிட்ட அனுமதி வாங்கி, மெக்ரெகர்ங்கிற பேரை முறைப்படி திரும்ப எடுத்துக்கிச்சு.

பேப்பர்ல ஒரு எழுத்து இல்லாம, தப்பித் தவறிச் சொன்னா தலை போகும்ங்கிற நிலைமையில, 'நாம யார்'ங்கிறதை வீட்டுக்குள்ள பிள்ளைங்க காதுல யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்கணும். அம்மாவோ, பாட்டியோ... அவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. 826 கையெழுத்துக்கும் அவங்கதான் காரணம்னு நான் நம்பறேன்.

அதே 1822-ல ராஜா நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார். ஸ்காட்லாந்தோட மணிமுடியையும் செங்கோலையும் ஊர்வலமா கொண்டு போனப்ப, அதுக்குக் காவலா நடந்தது யாருன்னு நினைக்கிறீங்க?

மெக்ரெகர்கள்!