பதமறிந்த உழவு

பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் நிலத்தோடு பழகியவர்கள் ஓர் உண்மையை அறிவர். கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அடைமழையிலோ காலைப் பற்றிக்கொண்டு விடாது. இரு வேளையிலும் ஏர் இறங்காது. மழை விட்டபின் மண் பதப்படும் நாளைக் கண்டு உழுகிறவனே பருத்தியும் உளுந்தும் காண்கிறான். ஏர் இறங்காத நாளில், மண் முரண்டு பிடிக்கிறதென்று எந்தச் சம்சாரியும் மண்ணைத் தண்டித்ததில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்த நிதானத்தை நாம் இழந்துவிடுகிறோம். பிறரைக் குறைகூற இதனை எழுதவில்லை. நம் சொந்தக் குற்றத்தை அறிக்கையிடவே எழுதுகிறோம்.

ஆண்டு 2011. பசுவந்தனையை அடுத்த சிற்றூர் ஒன்றில் பங்குப் பணியும், அங்குள்ள தொடக்கப் பள்ளியின் தாளாளர் பொறுப்பும் நம்மிடம் இருந்தன. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்தி தன் ஏழு வயது மகனை அழைத்து வந்தாள். பையன் நம்மை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டோம், நம் கேள்வியையே நமக்குத் திருப்பிச் சொன்னான். மேசைமேல் கிடந்த சாவிகளை நீளம் பார்த்து வரிசையாக அடுக்கினான்.

"சாமி, இவனுக்கு எல்லாம் வெளங்கும், சொல்லத்தான் தெரியாது" என்றாள் தாய். சேர்த்துக்கொண்டோம். அதனைப் பெரிய அறச்செயலாகவும் எண்ணிக்கொண்டோம்.

மூன்றாம் வாரமே முறையீடுகள் வந்தன. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். இடம் மாற்றி உட்காரவைத்தால் தரையில் புரளுகிறான் என்றார்கள். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இரைந்தபோது வாயிலை நோக்கி ஓடினான். நாமே பிடித்து நிறுத்தி, எல்லார் முன்னிலையிலும் அதட்டினோம். நம் கையைக் கடித்துவிட்டான். மறுநாள் தாயை அழைத்து, "இவனைப் போன்றவர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருக்கின்றன, அம்மா, அங்கே சேர்த்துவிடுங்கள்" என்றோம். அவள் வாதாடவில்லை. "சரி சாமி" என்று சொல்லிப் பையனின் பையை வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தனிப் பள்ளி எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது, அவளுடைய அன்றாடக் கூலி என்னாகும் என்று நாம் கேட்கவில்லை.

அப்பிள்ளையின் நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் என்பதையே பிறகுதான் அறிந்தோம். 'மதி இறுக்கம்' என்றும், 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்றும் தமிழில் வழங்குவர். 1943-இல் அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளைக் கவனித்து இதனை விரிவாக எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்று அறிஞர் சிலர் தாய்மார்மீது பழி சுமத்தினர். தாமே இத்தகைய பிள்ளைக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலார், 1964-இல் வெளியிட்ட தம் நூலில் அப்பழியை மறுத்தார். இது மூளையின் வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு, வளர்ப்பின் குற்றமன்று. படித்தவர்களே அவ்வளவு காலம் தவறியிருக்க, நம் ஊர்த் திண்ணைகளில் அத்தாய் என்னென்ன கேட்டிருப்பாள்!

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு பங்கில், நம் பள்ளி ஆசிரியை ஒருவர் உள்ளடக்கிய கல்விக்கான பயிற்சிக்குச் சென்று வந்தார். அவர் வகுப்பிலும் இத்தகைய சிறுவன் ஒருவன் இருந்தான். அவனும் மணியோசைக்கு அலறுவான். ஆசிரியை செய்தது இதுதான்: மணி அடிக்கும் வேலையை அவனிடமே கொடுத்தார். "சாமி, மணி எப்போது அடிக்கும் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதுதான் அவன் பயம்" என்றார். நாம் வாயடைத்து நின்றோம்.

அன்றன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினார். ஒரு வேளையில் ஒரே கட்டளை. அதுவும் சிறு சொற்களில். கேட்டபின் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருப்பார். இரைச்சல் மிகும்போது ஒதுங்கியிருக்க ஒரு மூலையில் பாய் விரித்தார். அவனுக்குப் பேருந்துகள்மேல் இருந்த மோகத்தைக் கொண்டே கோவில்பட்டி, எட்டயபுரம் என்று ஊர்ப்பெயர்களை எழுதப் பழக்கினார். இவற்றில் எதற்கும் பணம் தேவைப்படவில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார்; அவ்வளவே.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கண்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வகைகளைக் குறித்து, ஆட்டிசத்தையும் சேர்த்தது. இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கவும், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் கட்டளையிட்டது. பொதுப் பள்ளிகளின் மற்ற ஆசிரியர்களுக்கும் பயிற்சி கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆயினும் ஒன்றியத்தின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கும் ஓட வேண்டியவர். அவர் வராத நாள்களில் அப்பிள்ளையோடு இருப்பவர் வகுப்பாசிரியரே. அவருக்குப் பயிற்சி இல்லையேல், சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். வகுப்பில் பிள்ளை இருக்காது. நாம் செய்தது இந்தப் பாதி வேலையைத்தான்: கதவைத் திறந்தோம்; உள்ளே நடக்க வழி செய்யவில்லை.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை ஆண்டவர் குணமாக்கிய நிகழ்ச்சியைப் பல முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆண்டவர் முதலில் அவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார். காதையும் நாவையும் தொட்டார். அதன் பின்னரே சொல் வந்தது. இரைச்சலினின்று விலக்குதல், குறிப்பால் உணர்த்துதல், பின்பு பேசுதல். அந்த வரிசையை நாம் கவனித்ததே இல்லை. நாமோ பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி அதட்டினோம்.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளையின் வகுப்பில் இத்தகைய சிறுவன் ஒருவன் இருந்தால், அவனை விலக்கச் சொல்லி மனு எழுதாதீர்கள். ஆசிரியருக்குப் பயிற்சி தரும்படி மனு எழுதுங்கள். திருப்பலியில் அவன் சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். அவன் தாய்க்கு அருகில் இடம் விட்டு அமருங்கள்.

நாம் அனுப்பிவிட்ட அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். தேடியும் காண முடியவில்லை. அவனுக்கு இப்போது இருபது வயது கடந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களின் பட்டியலில் அவன் பெயரே முதலில் நிற்கிறது. பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.