மருதமுனைத் துணியில் ஒரு களிசான்

மருதமுனைக் கைத்தறித் துணியைச் சாரனாகவும் சேலையாகவுமே கண்டு பழகிய நம் மட்டக்களப்புப் பிரதேசத்தில், அதே துணியின் மீது கடதாசி மாதிரியை விரித்து, எனக்குரிய களிசானை என் கரங்களாலேயே வெட்டித் தைத்து அணிவதில் நான் அடையும் ஆனந்தம் அலாதியானது.

அளவுவாரியான கடதாசி மாதிரிகளை அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863 இல் உருவாக்கினார். சிங்கர் தையல் மெசினோ 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஆயினும் வீட்டில் சட்டை தைப்பவர்கள்கூடக் களிசானைத் தையற்கடைக்கே விட்டுவிடுகிறார்கள்.

களிசானின் சூட்சுமம் முழுவதும் இரு கால்களும் சந்திக்கும் வளைவில் இருக்கிறது. பின்துண்டின் வளைவு முன்துண்டினதைக் காட்டிலும் நீண்டு ஆழ்ந்து அமைந்தாலன்றி, நிற்கையில் லட்சணமாய்த் தோன்றும் உடை, பாயில் சப்பாணி கட்டி அமர்கையில் பிடித்திழுக்கும். தைத்த பின் அவ்வளைவு சுருங்கிக் கோணாதிருக்க, துணியை முதலில் நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்டு, மாதிரியிலுள்ள அம்புக்குறியைப் பாவுநூலின் திசைக்கு நேராக்கிய பின்னரே கத்தரிக்கோலைத் தொடவேண்டும். கைத்தறியின் வெட்டு விளிம்பு நூல் பிரியும் சுபாவமுடையதாகையால், அதனை உள்ளே மடித்து இருமுறை தைப்பது உத்தமம்.

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களுக்கு இதனினும் சுகமான உடையை நான் அறியேன். கல்லடிப் பக்கத்தில் கற்க விரும்புவோர் இருப்பின், என் மாதிரியைப் பிரதியெடுத்துத் தரச் சித்தமாயிருக்கிறேன்.