பவர் டில்லர் பக்கத்தில் ஒரு வாய் சோறு

ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலை காதுக்குத்தான். 1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. அன்று தொடங்கிய சத்தம் இன்னும் ஓயவில்லை. மின்சார ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் என்று மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்திலேயே ராணுவ டாங்கிகள் தயாராகும் கனரக வாகனத் தொழிற்சாலை. கிழக்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே பகல், இரவு என்ற பேதமே கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் தண்டவாள ஓரத்தில் நாட்டு நாய் ஒன்று சுருண்டு படுத்திருக்கும். சரக்கு ரயில் தடதடவென்று கடந்தாலும் ஒரு காது மட்டும் லேசாக அசையும். அவ்வளவுதான், தூக்கம் கலையாது.

இங்கிருந்து தெற்கே பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி பூந்தமல்லிக்கு வந்து, பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் திருமழிசை. அந்தப் பக்கத்துக் கீரைத் தோட்டம் ஒன்றில் இன்னொரு நாட்டு நாய் இருக்கிறது. செவலை நிறம், பெயரும் செவலைதான். பவர் டில்லரை எடுக்க யாராவது கொட்டகைப் பக்கம் நடந்தாலே போதும், வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் ஒடுங்கிவிடும். இயந்திரம் நின்று ஒரு மணி நேரம் ஆனாலும் வெளியே வராது.

ஒன்று ரயிலடியில் தூங்குகிறது, இன்னொன்று டில்லருக்கு நடுங்குகிறது. இரண்டும் ஒரே மண்ணின் நாய்கள்தான். நாய்க்குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து 12 முதல் 14-வது வாரம் வரைதான் உலகத்தைப் பழகும் காலம். அந்த நாட்களில் எதையெல்லாம் நிம்மதியாகப் பார்க்கிறதோ, எதையெல்லாம் கேட்கிறதோ, அதெல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். ரயிலடியில் பிறந்த குட்டிக்கு ரயில் என்பது காற்று, மழை மாதிரி. செவலையின் கதை வேறு. குட்டியாக இருந்தபோது நெடுஞ்சாலையில் லாரி அடித்துத் தாய் செத்துப்போக, சாலையோரப் பள்ளத்தில் தனியாகக் கிடந்தது. தோட்டத்துக்காரர் தூக்கி வந்து பால் ஊற்றினார். உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் இன்ஜின் சத்தம் என்றால் கெட்டது நடக்கப்போகிறது என்று அதன் மனதில் பதிந்துவிட்டது.

சேக்கிழார் ஊரில் ஒரு பத்ரா

பயந்த நாய் மறுபடி மனிதரை நம்புமா? இந்தக் கேள்விக்குப் பதில் பூந்தமல்லிக்குத் தெற்கே, மாங்காடு தாண்டிக் குன்றத்தூர் வட்டாரத்தில் கிடைத்தது.

குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, அதற்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழன் கதை அந்த நூலின் தொடக்கப் பகுதியிலேயே வருகிறது. வாயில்லா ஜீவனின் துயரத்தை ஒரு வழக்காகவே எடுத்துப் பேசிய புலவர் பிறந்த வட்டாரத்தில், 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு வீடியோ நாட்டையே உலுக்கியது. மருத்துவ மாணவர் ஒருவர் பெண் நாய் ஒன்றை மாடியிலிருந்து கீழே வீசுகிறார். இன்னொருவர் அதைப் படம் பிடிக்கிறார்.

நாய் செத்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விலங்கு நல ஆர்வலர்கள் தேடிப்போனபோது, எலும்பு முறிவோடு அது உயிருடன் இருந்தது. அந்த நிலையிலும் தேடி வந்தவர்களைப் பார்த்து வாலாட்டியது என்று அப்போதைய செய்திகள் சொல்லின. சிகிச்சை கொடுத்து, பத்ரா என்று பெயர் வைத்தார்கள். குணமாகி, ஒரு வீட்டுக்கு வளர்ப்பு நாயாகப் போனது. மாணவர்கள் இருவரும் கைதாகி ஜாமீனில் வந்தார்கள். 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் முறைக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 50 ரூபாய்தான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பத்ராவின் வெற்றி நாடறிந்தது. செவலையின் வெற்றிக்கு வீடியோ இல்லை, செய்தி இல்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது செவலையின் கதைதான்.

கோணிப்பையா, ஒரு மாதத் தவணையா?

அந்தத் தோட்டத்தில் சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை என்று பாத்தி மாற்றிப் பாத்தி விதைப்பார்கள். முளைக்கீரை இருபது, இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால், ஏதாவது ஒரு பாத்தியில் வாரம் ஒருமுறையாவது டில்லர் ஓடும். அன்று முழுக்கச் செவலை காவலுக்கு இருக்காது. அந்த நேரம் பார்த்து மேய்ச்சல் மாடுகள் பாத்தியில் இறங்கிவிடும். கட்டுக் கட்டாகக் கோயம்பேட்டுக்குப் போக வேண்டிய கீரை மாட்டு வயிற்றுக்குப் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஒருநாள் டில்லர் ஓடிக்கொண்டிருந்தபோது, வைக்கோல் போருக்குப் பின்னால் பந்து எடுக்கப்போன பக்கத்து வீட்டுப் பையனைச் செவலை சட்டென்று கவ்வப் பார்த்தது. பல் படவில்லை, சட்டைதான் கிழிந்தது. பையனின் அம்மா அழுதுகொண்டே வந்து நின்றார். தோட்டத்துக்காரர் அன்று மாலையே கோணிப்பையை எடுத்துவிட்டார்.

"இன்னொரு தடவை கடிச்சி வெச்சா யார் பதில் சொல்றது? ஏரிக்கரை தாண்டி வுட்டுட்டு வந்துடறேன்."

திண்ணையில் இருந்த ஆயா எழுந்து வந்தார். "அது கடிக்கணும்னா கடிச்சிச்சி? ஒளிஞ்சிக்க எடம் இல்லாம கடிக்க வந்துச்சி. ஒரு மாசம் வுடுடா. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

ஆயா சொன்னதைத்தான் கால்நடை மருத்துவமும் சொல்கிறது. பல நாய்க்கடிகள் கோபத்தில் நடப்பவை அல்ல, பயத்தில் நடப்பவை. தப்பிக்க வழியில்லாத நாய் கடிப்பதற்கு முன்பே சொல்லிவிடும். காது பின்னால் படியும். உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரியும். இந்தக் குறிகளைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. நாயைக் கொண்டுபோய் வேறு இடத்தில் விட்டால் பயமும் கூடவே போகும். அங்கே வேறு யார் வீட்டுக் குழந்தையோ அதன் எதிரில் நிற்கும்.

எப்படிப் பழக்குவது?

சத்தத்துக்குப் பயப்படும் நாயை என்ன செய்வது என்று கேட்பவர்கள் பலர். அந்த வீட்டில் செய்ததையே வரிசையாகச் சொல்லலாம்.

முதலில் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். காதில் புண், உடம்பில் வலி இருந்தாலும் நாய் சத்தத்துக்குப் பதறும். அப்படி எதுவும் இல்லை என்று உறுதியானது. வெறிநோய்த் தடுப்பூசியும் அன்றே போடப்பட்டது.

இரண்டாவது, ஒளிந்துகொள்ள ஓர் இடம். வைக்கோல் போருக்குப் பக்கத்தில், பழைய தகரமும் சாக்கும் வைத்து ஒரு மறைப்பு. செவலை அதற்குள் போய்விட்டால் யாரும் கிட்டே போகக்கூடாது, கூப்பிடக்கூடாது. இது ஆயாவின் கட்டளை. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, தூரமும் சோறும். டில்லர் ஓடாமல் நிற்கும்போது, அதிலிருந்து முப்பது அடி தள்ளிச் சோற்றுச் சட்டி வைத்தார்கள். செவலை பதறாமல் சாப்பிட்டது. நாலைந்து நாள் அங்கேயே. பிறகு ஓரடி, இரண்டடி என்று சட்டி நகர்ந்தது. நிற்கும் டில்லருக்குப் பக்கத்தில் சாப்பிடப் பத்து நாள் ஆனது. அதன்பின் இயந்திரத்தைக் கிளப்பியபோது, சட்டி மறுபடி தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போனது. சத்தம் கேட்கும்போதெல்லாம் கருவாடு ஒரு துண்டு. சத்தம் நின்றால் கருவாடும் நிற்கும். சத்தம் வந்தால் நல்லது வரும் என்று நாயின் கணக்கு மெல்ல மாறுவதற்கான வழி இது.

சாப்பிட மறுத்தாலோ உடம்பு நடுங்கினாலோ நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். சட்டியைப் பின்னால் நகர்த்த வேண்டும். கயிறு கட்டி இயந்திரத்தின் பக்கத்தில் இழுத்துப் போவது, 'பழகட்டும்' என்று அங்கேயே கட்டிவைப்பது, அடிப்பது ஆகிய மூன்றும் கூடாது. பத்து நாளில் வந்த தைரியம் ஒரே நாளில் போய்விடும். அந்த வீட்டிலும் இது நடந்தது. ஒருநாள் அவசரத்தில் தோட்டத்துக்காரர் சட்டிக்குப் பக்கத்திலேயே டில்லரைக் கிளப்பிவிட்டார். செவலை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கினார்கள். ஆயா கேட்ட ஒரு மாதம் இரண்டு மாதமானது. கோணிப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாலுக்கும் இதே கணக்கு

இது நாய்க்கு மட்டுமான பாடம் அல்ல. அந்த வீட்டில் ஒரு கறவை மாடும் உண்டு. பால் சொசைட்டிக்குப் போகிறது. சில காலம் முன்பு கொட்டகையைச் சாலைப் பக்கம் மாற்றிக் கட்டினார்கள். லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மாடு துள்ளியது, காலை உதைத்தது, பால் குறைந்தது. தீவனத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

காரணம் மடியில் இல்லை. கன்று முட்டும்போதும் மடியைக் கழுவித் தடவும்போதும் மாட்டின் உடம்பில் ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் சுரக்கிறது. பாலை இறக்குவது அதுதான். சுரந்த பிறகு சில நிமிடங்களே அதன் வேலை. அந்த நேரத்தில் மாடு பயந்தாலோ வலித்தாலோ அட்ரினலின் சுரந்து, அந்த வேலையைத் தடுத்துவிடும். பால் மடியிலேயே தங்கிவிடும். பால் இறங்க ஊசி தேடுவதற்கு முன், மாட்டின் எதிரில் என்ன நிற்கிறது, காதில் என்ன விழுகிறது என்று பார்ப்பது நல்லது. இவர்கள் கறவை நேரத்தை லாரி குறைவாக ஓடும் விடியற்காலைக்கு மாற்றினார்கள். சாலைப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினார்கள். கறப்பவர் தினமும் ஒருவரே என்று வைத்துக்கொண்டார்கள். சில நாட்களில் மாடு நின்ற இடத்தில் அசை போட ஆரம்பித்தது. பால் வந்தது.

அந்த ஒரு வாய்

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கீரை அறுத்த பாத்தியில் டில்லர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டி பத்தடி தள்ளி இருந்தது. செவலை வந்தது, நின்றது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது. கழுத்தை மட்டும் நீட்டி ஒரு வாய் சோறு கவ்விக்கொண்டு, வைக்கோல் போர் வரை ஓடிப்போய்த் தின்றது. பிறகு தானாகவே திரும்பி வந்து, அங்கேயே நின்று மிச்சத்தையும் சாப்பிட்டது.

கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். "ஏங்க, பாத்தீங்களா?" டில்லரை நிறுத்தினால் நாய் மிரளுமோ என்று அவர் நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஆயா அன்று ராத்திரி ஒரு முட்டை வேகவைத்துச் செவலைக்குப் போட்டார். அந்த வீட்டில் நடந்த விழா அவ்வளவுதான்.

செவலையின் பயம் முழுக்கப் போய்விடவில்லை. தீபாவளி வெடிக்கு இன்றும் நடுங்கும். அன்று மாலை அதை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, யாராவது ஒருவர் கூட இருப்பார்கள். ஆனால் டில்லர் ஓடும் நாளிலும் இப்போது வரப்பில் நிற்கிறது. மாடு இறங்கினால் குரைக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பந்தை உருட்டிவிடுகிறான்; செவலை கொண்டுவந்து போடுகிறது.

நிலத்தில் விதை முளைத்ததா என்று குனிந்து பார்க்க நமக்குத் தெரியும். கொட்டகையிலும் வாசலிலும் அதே கண் வேண்டும். நேற்று முப்பதடியில் நின்ற நாய் இன்று இருபதடிக்கு வந்தால், அது அன்றைய அறுவடை. அதைக் கவனிக்காத வீடு அவசரப்படும். அவசரப்பட்டால் விளைந்ததும் போகும்.

மறக்கக் கூடாதவை: நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒருமுறை போட வேண்டும். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தையும் செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தையும் ஒட்டிப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும். நாய் கடித்தாலோ, பல் லேசாகக் கீறினாலோ, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மருத்துவர் சொல்லும் எல்லாத் தவணை ஊசிகளையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.